தாலியில் உருகிய சுல்தான் காசு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நாலு நாளாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று ஞாயிறு, வேலை இல்லை. குசினி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெர்மனிக் குளிரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தடித்த காலுறை போடு. மருமகள் வேலைக்குப் போகத் தொடங்கியது நல்லது. அவளுடைய தாய் தகப்பன் தாலிக்கொடியைப் பெரிதாகச் செய்து தரப்போகிறார்கள் என்றும், கொடியோடு தாலியையும் உருக்கிப் புதிதாகச் செய்யலாம் என்று நகைக்கடைக்காரர் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே ஒரு வரி. "ஐயா ஆசையா எனக்கெண்டு தந்த காசல்லோ அதுக்குள்ள கிடக்கு, உருக்க மனம் வரேல்லை, நீங்கள் என்ன சொல்லுறியள் அப்பா?" இந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். அந்தக் காசை ஐயா உனக்குத் தரவில்லை, தம்பி. நான் உனக்குச் சொன்னது பொய்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி. ஐயாவை உனக்குத் தெரியும். போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த கிழவர், சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊரெல்லாம் அவரைப் ப்ரொபெஸ்ஸோரே என்று அழைத்தது, நாங்கள் வீட்டில் ஐயா என்றோம். ஒன்பது வருடம் அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சமைத்துக் கொடுத்தேன். என் சமையலை ஒரு நாளும் அவர் புகழ்ந்ததில்லை. பாஸ்தாவை ஒரு நிமிடம் கூடுதலாக அவித்துவிட்டால் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, வேண்டாமென்றால் பட்டினி கிட என்று தமிழில் சொல்லிவிட்டு எடுத்துப் போவேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டு அதையே சாப்பிடுவார். இரண்டு பேருக்கும் முற்கோபம், அதனால்தான் ஒன்பது வருடம் ஒத்துப்போனது என்று அம்மா சொல்வாள். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி முழுவதும் அவருடைய வாயிலிருந்து வந்தது. பேசத்தான் படித்தேன், எழுதப் படிக்கவில்லை. அதை ஏன் சொல்கிறேன் என்பது இந்தக் கடிதத்தின் முடிவில் உனக்கு விளங்கும்.

சவரம் செய்யும்போது ஐயா கதை சொல்வார். முக்கால்வாசி ஒரு சுல்தானின் கதைதான். எண்ணூறு வருடத்துக்கு முன் ஐரோப்பிய ராசாக்களோடு சண்டை பிடித்த முஸ்லிம் ராசா. சண்டை நடுவில் எதிரி ராசா காய்ச்சலில் விழுந்துவிட்டானாம். சுல்தான் படையை அனுப்பவில்லை, பழங்களும் மலையிலிருந்து எடுத்த பனியும் அனுப்பினாராம், காய்ச்சல்காரன் நாக்கு நனைக்கட்டும் என்று. இதைச் சொல்லும்போது ஐயா தலையை ஆட்டுவார், எனக்குக் கத்தி வழுக்கும். அவருடைய ஒரே மகள் ஜூலியாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால், கீழே கடையில் எலுமிச்சை கிரனிதா வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, "சுல்தான் பனி அனுப்பியிருக்கிறார்" என்பாராம். அவள் அந்த ஐஸை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "பனி வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்ல வேண்டும். அது தகப்பனுக்கும் மகளுக்கும் மட்டும் உள்ள விளையாட்டு.

அந்த மகள் வளர்ந்து, இங்கே படிக்க வந்த ஒரு துனீசியப் பொடியனை விரும்பிக் கட்டிக்கொண்டு துனிஸுக்குப் போனாள். வாழ்நாள் முழுக்க ஒரு முஸ்லிம் சுல்தானைப் புகழ்ந்த மனிதர், முஸ்லிம் ஒருவன் மருமகனாக வந்து நின்றபோது கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பதினாலு வருடம் கதை பேச்சு இல்லை. இதைக் கேட்டு முதலில் எனக்குள் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை. மொரீசியஸ் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒன்றோடு நீ பஸ்ஸில் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனதைக் கண்டுவிட்டு மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தவன் நான். அதுகளும் தமிழ்ச் சனம், அதுகளும் கோயிலுக்குப் போகிற சனம், அப்படியிருந்தும். நீ ஏன் என்று கேட்கவுமில்லை. அது நான் செய்த பிழை, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், இன்றைக்குச் சொல்கிறேன்.

ஐயா சாவதற்கு இரண்டு வருடம் முன்பு துனிஸிலிருந்து ஒரு சின்னப் பொதி வந்தது. உள்ளே நீல வெல்வெட் பெட்டி, அதற்குள் ஒரு தங்கக் காசு. அந்தச் சுல்தானின் நினைவாக ஏதோ ஒரு நாடு வெளியிட்ட காசு. ஒரு பக்கம் தலைப்பாகையோடு அவருடைய முகம், மற்றப் பக்கம் அரபு எழுத்து. கடிதம் இல்லை, ஒரு சொல் கூட இல்லை. ஐயா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். அன்றைக்குச் சவரமும் வேண்டாம் என்றுவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி அவருடைய தலையணைக்குக் கீழே இருந்தது. காலையில் கோப்பி குடித்த பிறகு எடுத்துத் தரச் சொல்வார், பார்ப்பார், திரும்ப வைக்கச் சொல்வார். "ஒரு ரெலிபோன் எடுங்களேன், நம்பர் நான் அடிச்சுத் தாறன்" என்று எத்தனையோ தரம் கேட்டேன். தொமானி என்பார். நாளைக்காம். அவருடைய நாளைக்கு இரண்டு வருடம் போய்விட்டது.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்கள் வந்தபோது, அவர் என் கையைப் பிடித்து அந்தப் பெட்டியை உள்ளே வைத்து மூடினார். வீட்டுச் சாமான்களைத் தன் அக்கா மகன் வந்து அள்ளிவிடுவான் என்று அவருக்குத் தெரியும். "ஜூலியா ஒரு நாள் வருவாள். இதை அவள் கையில் கொடு. பனி வந்து சேர்ந்தது என்று அப்பா சொன்னார் என்று சொல். அவளுக்கு விளங்கும்," என்றார். நான் ஓம் என்றேன். அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் செத்துப்போனார். மகளுக்கு அறிவித்தார்களா என்று அந்த அக்கா மகனைக் கேட்டேன், அது உன் வேலையில்லை என்றான். விலாசம் கேட்டேன், தரவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் அலுமாரியில், அம்மாவின் சீலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

ஐந்தாறு மாதத்தில் உன் கலியாணம் வந்தது. பொன்னுருக்கலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். தாலிக்கு உருக்கும் பவுண் யாரும் அணிந்த நகையாக இருக்கக் கூடாது, புதுக் காசாக இருக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அந்தப் பவுணைத்தான் உன் சின்ன மாமா ரோமிலிருந்து ரயிலில் கொண்டுவருவதாக ஒழுங்கு. நான் விடியற் பொழுதில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தேன். ரயில்வேக்காரர் வேலைநிறுத்தம். வந்தது ரயில் இல்லை, நிலையத்துக்கு முன்னால் இருக்கிற அந்தோனியின் கடைக்கு ரெலிபோன். "அத்தான், நான் கடலுக்கு அந்தப் பக்கமே நிக்கிறன், படகும் ஓடேல்லை, நாளைக்குத்தான் வருவன்" என்றான். நம் தீவுக்கு ரயிலும் படகேறித்தானே வர வேண்டும். ஞாயிறு, நகைக்கடை ஒன்றும் திறக்காது. ஒரேத்தோவுக்குத் திரும்பி வந்தால் நம் வீட்டு அறை நிறையச் சனம். நிறைகுடம் வைத்தாயிற்று, விளக்குக் கொளுத்தியாயிற்று. ஊரில் நகை வேலை செய்து, இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிற கந்தையா அண்ணை கரியடுப்பை மூட்டி ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி.

நான் அலுமாரியைத் திறந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"என்ன எடுக்கிறியள்?"

"ஐயாவின்ர பெட்டி."

"அது எங்கட சாமானில்லையே. ஆற்றையோ பிள்ளைக்குக் குடுக்கிறதல்லோ."

"பவுண் பவுண்தானே. நாளைக்கு உன்ர தம்பி கொண்டுவாற பவுணை அந்தப் பெட்டிக்குள்ள வைச்சாச் சரி. நிறை ஒண்டுதான்."

"இஞ்சருங்கோ, முகூர்த்தம் போனாப் போகட்டும். வேற நாள் பாப்பம்."

"சனம் வந்திருக்கு. விசர்க்கதை கதையாதை."

என் குரல் உயர்ந்தால் அம்மா நிறுத்திவிடுவாள், அது உனக்குத் தெரியும். கந்தையா அண்ணை காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணை, இது எங்கட பவுணில்லை, ஆரோ ராசாவின்ர தலை கிடக்கு," என்றார். உருக்குங்கோ என்றேன். நீ பக்கத்தில் பட்டு வேட்டியோடு இருந்தாய். "அப்பா, ஆர் இது?" என்று கேட்டாய். ஒரு சுல்தான், ஐயா உனக்கெண்டு தந்தவர் என்று சொன்னேன். அந்தப் பொய்க்கு நான் யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து தானாக வந்தது. உன் முகம் மலர்ந்ததைக் கண்டேன். காசு உருக்குகிற மூசைக்குள் சிவந்து, ஓரம் கரைந்து, முகம் கடைசியாகப் போனது. உருகி ஆறிய தங்கத்தைத் தட்டத்தில் வைத்து உன் கையில் தந்தார்கள். எல்லாருக்கும் காட்டினாய். என்னை விழுந்து கும்பிட்டாய். நான் உன் தலையில் கை வைத்தேன்.

அடுத்த நாள் சின்ன மாமா பவுணோடு வந்தான். ராணி தலைப் பவுண். அதை நீலப் பெட்டிக்குள் வைத்து மூடி, சீலைகளுக்கு நடுவில் திரும்ப வைத்தேன். மனதில் ஒரு பாரமும் இல்லை, உண்மையாகச் சொல்கிறேன். நாங்கள் தங்கத்தை அப்படித்தானே பார்த்து வளர்ந்தோம். காப்பு சங்கிலியாகும், சங்கிலி தோடாகும், தங்கம் தங்கமாக இருக்கும். அதில் இருக்கிற முகத்தை யாரும் பார்த்ததில்லை. உன் தாலிக்கு வந்த பவுண் ஐயாவின் பெட்டியில், ஐயாவின் காசு உன் தாலியில், கணக்கு நேர் என்று நினைத்தேன்.

நீ ஜெர்மனிக்குப் போய் மூன்றாம் மாதம் ஜூலியா வந்தாள். தகப்பன் செத்ததே அவளுக்குப் பிந்தித்தான் தெரிந்திருக்கிறது. பழைய வீட்டுக்குப் போய், வாசல் காவல்காரரிடம் என் விலாசம் கேட்டு ஒரேத்தோவுக்கு வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும், தகப்பனின் அதே மூக்கு. இந்தக் குசினி மேசையில், இப்போது நான் எழுதுகிற இதே இடத்தில் இருந்தாள். அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். நான் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். திறந்தாள். ராணியின் தலையைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து ஒரு காசை எடுத்து மேசையில் அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அதே சுல்தான், அதே தலைப்பாகை. இரண்டு வாங்கி ஒன்றைத் தகப்பனுக்கு அனுப்பிவிட்டு மற்றதைத் தான் வைத்திருந்திருக்கிறாள்.

"நான் அனுப்பியது இதுதான். இந்தப் பெட்டியில் இருந்தது எங்கே?" என்று கேட்டாள்.

இங்கே தங்கியிருக்கிற பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசில் கொடுத்திருந்த மாதம் அது. செத்த மனிதருடைய தங்கத்தை வீட்டு வேலைக்காரன் உருக்கினான் என்றால் அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் என்ன என்று எனக்குத் தெரியும். "சிஞ்ஞோரா, எனக்குத் தந்தது இதுதான்," என்றேன்.

அம்மா குசினிக் கதவில் நின்றாள். "சொல்லுங்கோ," என்றாள். "கலியாணத்துக்கு உருக்கினதெண்டு சொல்லுங்கோ. அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ."

ஜூலியா அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"கோப்பி குடிக்கச் சொல்றா," என்றேன்.

ஜூலியா கோப்பி குடிக்கவில்லை. "அப்படியென்றால் அவர் அதை விற்றுவிட்டு இதை வாங்கியிருக்கிறார். சுல்தானைக் கொடுத்துவிட்டு ராணியை," என்று மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தன்னுடைய காசைக் கைப்பையில் போட்டாள். பெட்டியை மூடி என் பக்கம் தள்ளி, "நீங்கள் அவரைக் கவனமாகப் பார்த்தீர்கள், இது உங்களுக்கு," என்றாள். அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். பனி வந்து சேர்ந்தது என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் காசு எங்கே என்று இன்னொரு தரம் கேட்பாள் என்று பயந்தேன். தகப்பன் தன்னை மன்னிக்காமல் செத்தார் என்று நம்பிக்கொண்டு அவள் துனிஸுக்குப் போனாள். உருக்கினது பிழை, அதை யாரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். அந்த ஒரு சொல்லை விழுங்கினதுதான் என்னை இருக்க விடுகுதில்லை.

அம்மா அன்றைக்கு அழுதாள். அதன் பிறகு என்னோடு வழக்கம்போல் கதைத்தாள், சமைத்தாள், சினிமாப் படம் பார்த்துச் சிரித்தாள். அந்த விஷயத்தை மட்டும் ஒரு நாளும் எடுக்கவில்லை. வீட்டு வாடகை கட்ட முடியாமல் நின்ற ஒரு மாதம் பெட்டியிலுள்ள பவுணை விற்போம் என்றேன். "அதைத் தொட்டியள் எண்டா நான் இந்த வீட்டில இருக்க மாட்டன்," என்றாள். அவ்வளவுதான்.

அம்மாவின் செத்தவீட்டுக்கு நீ வந்து போன பிறகு அவளுடைய சீலைகளை எடுத்து மடித்தேன். பெட்டி அதே இடத்தில் இருந்தது. திறந்தேன். பவுணுக்குக் கீழே நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். ஜூலியாவின் துனிஸ் விலாசம், அந்த வாசல் காவல்காரரின் கையெழுத்தில். நான் அவரிடம் போய்க் கேட்டேன். "உங்கள் மனைவி வந்தார், மூன்று தரம் வந்தார்," என்றார். முதல் இரண்டு தரமும் அம்மா என்ன கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லையாம். மூன்றாம் தரம் ஜூலியா என்று சொல்லி, கையில் எழுதுகிற மாதிரிக் காட்டினாளாம். சந்தையில் தக்காளி வாங்கவே விரலைக் காட்டுகிறவள் அம்மா. பஸ் ஏறித் தனியாகப் போர்கோ வெக்கியோவுக்குப் போய், அந்த மனிதருக்கு முன்னால் நின்று கை காட்டியிருக்கிறாள். வாங்கி வந்து என்னிடம் தரவில்லை. பெட்டியில் வைத்துவிட்டு, நானாகத் திறப்பேன் என்று இருந்திருக்கிறாள். இரண்டு வருடம் இருந்திருக்கிறாள். நான் திறக்கவில்லை, மகன்.

எனக்கு இத்தாலியம் எழுதத் தெரியாது. இங்கே எழுதிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் இதை வெளியாளிடம் சொல்ல முடியாது. உன்னிடம் கேட்டிருக்கலாம், நீ பள்ளிக்கூடத்தில் நல்ல இத்தாலியம் எழுதினவன், ஐயாவே மெச்சினவர். உன்னிடம் கேட்டால் உன் பெண்சாதியின் கழுத்தில் கிடக்கிறது பரிசு இல்லை, இன்னொருத்தியிடம் போய்ச் சேர வேண்டியது என்று நீ அறிவாய். அப்பா நேர்மையான மனிதன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு காலம் பேசாமல் இருந்தேன். ஐயாவை நாளைக்கு நாளைக்கு என்கிறீர்களே என்று பேசின எனக்கு, நானும் அதையே செய்வது தெரியவில்லை. போன மாதம் எனக்கு நெஞ்சு நொந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார், நீ ஓடி வராதே. ஆனால் ஐயாவைப் போல நானும் இன்னொருவர் கையைப் பிடித்து ஒரு பெட்டியைத் திணித்துவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன்.

தாலியை உருக்குவதா விடுவதா என்று கேட்டாய். அது நீங்கள் இரண்டு பேரும் தீர்மானிக்கிற விஷயம், நான் இனிமேல் தங்கத்தைப் பற்றி வாய் திறக்கப் போவதில்லை. மருமகளிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. மறைக்காதே. அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அவள் ஏதாவது சொல்ல வரும்போது உன் குரல் உயருகிறதா என்று பார்த்துக்கொள். அந்தக் குணம் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கும், வேறு எங்கிருந்தும் வந்திருக்காது. நான் அன்றைக்கு அலுமாரிக்கு முன்னால் அம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஜூலியாவின் விலாசத்தைப் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், அம்மா வாங்கி வந்த அதே துண்டு. நீ எனக்காக இத்தாலியத்தில் எழுது. என் பெயரில் எழுது, அழகாக எழுத வேண்டாம். காசை அவளுடைய அப்பா விற்கவில்லை, நான் உருக்கினேன் என்று எழுது. இரண்டு வருடம் அது அவருடைய தலையணைக்குக் கீழே இருந்தது, காலையில் கோப்பிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்தார் என்று எழுது. நான் அன்றைக்குப் பயத்தில் பொய் சொன்னேன், என் மனைவி கோப்பி குடிக்கச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லச் சொன்னாள் என்று எழுது. அவள் பொலிசுக்குப் போனாலும் நான் இதே வீட்டில்தான் இருப்பேன் என்று எழுது. கடைசி வரியில், பனி வந்து சேர்ந்தது என்று அப்பா சொன்னார் என்று எழுது. அவளுக்கு விளங்கும்.

இதை வாசித்த அன்றைக்கே எழுது, தம்பி. நாளைக்கு என்று வைக்காதே.

அப்பா